கொம்பில் கட்டிய ஓலை

தாழைநாட்டை மேகவண்ணர் ஆண்டுகொண்டிருந்தார். அங்கே மழைக்கும் குறைவில்லை, சொற்பொழிவுக்கும் குறைவில்லை. வண்டிகள் நிற்பது மட்டும் அரசருக்குப் பிடிக்காது. உலா போகும்போது தெருவோரம் ஒரு மாட்டுவண்டி சும்மா நிற்பதைப் பார்த்தால் தம் ஆட்சியே அங்கே நின்றுவிட்டது போல அவருக்குச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தை ஒருநாள் நிற்றல்துறை அமைச்சர் வாக்குநாதரிடம் சொன்னார். அரசர் பேச ஆரம்பித்தபோது அப்படி ஒரு துறை இல்லை. பேசி முடித்தபோது இருந்தது.

“நாட்டை நடத்துவதே அரசின் கடமை, வேந்தே. நிறுத்துவது அரசின் வேலை அன்று,” என்றார் வாக்குநாதர். “ஆகவே நிற்பதைத் தனியாரிடம் ஒப்படைத்துவிடலாம்.”

சுகநிற்பு நிறுவனம் இப்படித்தான் வந்தது. சந்தைத் திடல், ஆற்றுத்துறை, வைத்தியர் வீட்டு வேப்பமர நிழல் என்று வண்டி நிற்கக்கூடிய இடமெல்லாம் அதன் பொறுப்புக்குப் போயின. எங்கே எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற விதிகளைப் பலகைகளில் பொடியாக எழுதிப் பனைமர உச்சியில் மாட்டினார்கள். படிக்க முடியவில்லை என்று முறையிட்டவர்களுக்கு, “பலகை வைக்கப்பட்டுள்ளதா என்பதே கேள்வி, படிக்கப்பட்டதா என்பது அன்று” என்று துறையிலிருந்து விளக்கம் வந்தது. விதியை மீறிய வண்டியின் மாட்டுக் கொம்பில் மஞ்சள் ஓலை ஒன்று கட்டப்படும். ‘தண்டனை அறிவிப்பு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மேலே ஒரு சிங்கம். அரண்மனை முத்திரையிலும் சிங்கம்தான். இந்தச் சிங்கத்துக்கு மட்டும் வால் இரண்டு. பதறிப்போய் ஓலையைப் பிரிக்கிறவர்கள் வாலையா பார்ப்பார்கள்?

கல்லாங்காட்டில் வாடகை வண்டி ஓட்டிப் பிழைத்தவன் செங்கோடன். அவன் மனைவி பாவாயிக்குக் கண்ணில் புரை படர்ந்துகொண்டிருந்தது. வாரந்தோறும் தலைநகருக்கு வந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டால் பார்வை தங்கும், நடுவில் விட்டால் தங்காது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் வீட்டில் எப்போதும் கூட்டம். முறை வந்து, மருந்து விட்டு, எரிச்சல் அடங்கும்வரை கண்ணை மூடிப் படுத்திருந்து பாவாயி எழுந்து வருவதற்குள் வெயில் மரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிருக்கும். கொம்பில் ஓலை ஆடிக்கொண்டிருக்கும்.

முதல் ஓலையைச் செங்கோடன் எழுத்துக் கூட்டிப் படித்தான். கேட்ட தொகையைக் கட்ட வேண்டும், தவறினால் சிறை, அல்லது மாடுகள் ஏலம் என்று எழுதியிருந்தது. அவன் அதை அறுத்து வண்டியில் வைக்கோலுக்கு அடியில் செருகினான். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. முறையிட விரும்புவோர் நடுநிலை மன்றத்தை அணுகலாம் என்று அதில் இருக்கவே, ஆசையோடு போனான். மன்றம் நிறுவனத்தின் மாடியிலேயே இருந்தது. நடுவர் நிறுவனத்தின் சம்பளக்காரர்.

“தங்கள் முறையீடு ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டது,” என்றார் அவர், செங்கோடன் வாயைத் திறக்கும் முன்பே. “மனைவியின் கண்நோய் வருந்தத்தக்கது. ஆயினும் நின்றது கண் அன்று, வண்டி.”

கீழே இறங்கி வந்தால், மன்றத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதற்காகக் கொம்பில் புது ஓலை.

மக்கள் அஞ்சுவதைப் பார்த்து நிறுவனத்துக்குத் தெம்பு வந்தது. வண்டி நகராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு என்பது பழைய விதி. மெதுவாகப் போனாலும் நின்றதாகவே கொள்ளப்படும் என்றது புது விதி. ஓலையில் கேட்ட பணத்தைக் கட்டாமல் யோசிப்பவர்களுக்கு யோசித்த காலத்துக்கும் சேர்த்துத் தொகை ஏறும் என்று அதற்கடுத்த விதி சொன்னது. ஒவ்வொரு விதியையும் வாக்குநாதர் மேடையில் நின்று வாழ்த்தினார். ஆற்றுத்துறையில் சரக்கு இறங்குவது குறைந்தது. சந்தைக்குக் காய்கறி தலைச்சுமையாக வந்தது. அரசர் உலா போனபோது தெருவில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. நாடு நடக்கிறது என்று அவர் மகிழ்ந்தார்.

செங்கோடன் தலைநகருக்குப் போவதையே நிறுத்திவிட்டான். வைத்தியர் வெளியூர் போயிருக்கிறார் என்று பாவாயியிடம் சொன்னான். அந்தப் பொய் அவனைத் தூங்கவிடவில்லை. மாடுகளைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ விலை கேட்கிற குரல் காதில் விழுவது போலிருந்தது.

ஒருநாள் காலை பாவாயி தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டு, பழக்கத்தில் மாட்டின் நெற்றியைத் தடவினாள். கை கொம்புக்குப் போனதும் நின்றது.

“ஏனுங்க, கொம்புல என்னங்க இத்தனை கயிறு?”

ஓலைகளை அறுத்தவன் கயிறுகளை மறந்திருந்தான். “ஒண்ணுமில்ல புள்ள. திருஷ்டிக்குக் கட்டுனது.”

“திருஷ்டிக்கு இத்தனையா கட்டுவாங்கோ?” அவள் கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தாள். “வைத்தியரு ஊர்ல இல்லைன்னீங்களே. அதும் இதனாலதானா?”

செங்கோடன் அவள் பக்கத்தில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

“பணத்துக்கு வழியில்ல,” என்றாள் கடைசியில். “மாடு போனா சோத்துக்கும் வழியில்ல. நீங்க செயிலுக்கே போயிருங்க.”

“என்ன புள்ள பேசற?”

“நெசமாத்தானுங்க. எந் தம்பி வண்டி ஓட்டிக்குவான். என்னைய வைத்தியருகிட்டயும் கூட்டிட்டுப் போவான். இங்க முழிச்சுக் கெடக்கறதுக்கு நீங்க அங்க போயித் தூங்கலாமில்ல?”

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாள் ஒரு வேட்டியையும் துண்டையும் மூட்டை கட்டிக்கொண்டு, ஓலைகளை மடியில் வைத்துக்கொண்டு, பாவாயியோடு வண்டியில் சிறைச்சாலை வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

சிறைத்தலைவர் நாச்சிமுத்து கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“என்னையப் பிடிச்சு உள்ள போடுங்க,” என்றான் செங்கோடன்.

“யாரு அனுப்புனா உன்னைய?”

“நானேதானுங்க வந்தேன்.” ஓலைகளை நீட்டினான்.

நாச்சிமுத்து ஈரக் கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கிப் புரட்டினார். “இது கம்பெனிக்காரன் எழுதுனது. நீதிபதி உத்தரவு எங்கப்பா?”

“அது இல்லீங்களே.”

“உத்தரவு இல்லாம ஒருத்தனை உள்ள போட்டா என்னையத்தான் உள்ள போடுவாங்க. வீட்டுக்குப் போ.”

“வீட்டுக்குப் போனா மாட்டை ஓட்டிட்டுப் போயிருவாங்க. நான் போகமாட்டனுங்க,” என்று செங்கோடன் வாசலிலேயே உட்கார்ந்தான். பாவாயி வண்டியில் சோற்று மூட்டையை அவிழ்த்தாள்.

அந்தப் பக்கம் தலைச்சுமையோடு போன ஒருத்தி நின்று விசாரித்தாள். அவள் மடியிலும் ஓலை இருந்தது. சிறைக்குப் போனால் மாடு தப்பும் என்று சந்தையில் போய்ச் சொன்னாள். பிற்பகலுக்குள் சிறை வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. துணி மூட்டையும் தூக்குப்பாத்திரமுமாக ஊர் ஊராக வந்து இறங்கினார்கள். நிறுவனத்து ஆட்கள் ஓடி ஓடி ஓலை கட்டினார்கள். கையிலிருந்த ஓலை தீர்ந்ததும் ஒரு மரத்தடியில் போய் நின்றுகொண்டார்கள்.

வாக்குநாதர் பல்லக்கில் வந்தார்.

“பெருமக்களே, சிறை என்பது அரசின் சொத்து. அதில் இடம் கோருவதற்கு முறை உண்டு,” என்றார்.

நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “அய்யா, இவங்கெல்லாம் குத்தவாளிதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே உள்ள விட்டுர்றேன். ராத்திரியிலிருந்து இத்தனை பேருக்குச் சோறு, மாட்டுக்குத் தீவனம், எல்லாம் அரண்மனைச் செலவு.”

அமைச்சர் கூட்டத்தின் கடைசியைத் தேடினார். அது வளைவைத் தாண்டிப் போயிருந்தது.

“நாம் எவ்வாறு கையெழுத்திட இயலும்? இவை அரசின் ஓலைகள் அல்லவே.”

செங்கோடன் எழுந்தான். துணிந்து கேட்டுவிட்டான்.

“அப்ப இது யாரோட உத்தரவுங்க?”

“உத்தரவு என்று யார் சொன்னது? ஒரு நிறுவனத்தின் எதிர்பார்ப்பு.”

“எதிர்பார்த்தது நடக்கலைன்னா?”

வாக்குநாதர் சற்று யோசித்தார். “நிறுவனம் ஏமாற்றம் அடையும்.”

“செயிலு?”

“சிறைக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை.”

“மாடு?”

“அவர்கள் நீதிமன்றம் சென்று, தங்களுக்கு நேர்ந்த நட்டத்தை மெய்ப்பித்தால் பார்க்கலாம். இதுகாறும் சென்றதில்லை.”

பின்னால் யாரோ ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். பக்கத்திலிருந்தவருக்கும் அது தொற்றியது. செங்கோடன் சிரிக்கவில்லை. மார்பில் இவ்வளவு காலமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது போலிருந்தது. நாச்சிமுத்துவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான். செடிக்கு வைத்திருந்த குடத்திலிருந்தே அவர் ஊற்றினார். அவன் மூச்சு விடாமல் குடித்துவிட்டு, வண்டியில் ஏறி, நேரே வைத்தியர் வீட்டுக்கு ஓட்டினான். வேப்பமரத்து நிழலில் வண்டியை அவிழ்த்துவிட்டுத் துண்டை விரித்துப் படுத்தவனை, மருந்து விட்டுக்கொண்டு வந்த பாவாயிதான் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

வந்த பயம் போனதும் நிறுவனம் நெடுநாள் நிற்கவில்லை. பணம் கட்டுவதற்கு ஆளில்லாமல் கடையை மூடிக்கொண்டு போனது. மக்களின் அச்சத்தைப் போக்கியது தம் ஆட்சியே என்று அரசர் விழா எடுத்தார். வாக்குநாதருக்குப் பட்டமும் கிடைத்தது. அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆற்றுத்துறையில் மறுபடி சரக்கு இறங்கியது. பாவாயியின் கண்ணில் புரை பரவுவது நின்று, வெளிச்சம் மெல்லத் திரும்பியது. அரிசியில் கல் பொறுக்க முடிந்த அன்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தாழைநாட்டில் குடவோலை இட்டு அரசரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அதற்கான பருவம் நெருங்கியபோது கல்லாங்காட்டுக்கு முரசறைகிறவர் வந்தார். செங்கோடன் வீட்டு வாசலில் நின்று முரசை அடித்துவிட்டு உரக்கச் சொன்னார்:

“நாடு நன்றாக நடந்துகொண்டிருப்பதால், இம்முறை குடவோலை தேவையில்லை. மேகவண்ணரே தொடர்வார். மறுத்துப் பேசுவோர் கடும் தண்டனைக்கு ஆளாவர்.”

பாவாயி முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“ஏனுங்க, எந்தச் சட்டத்துல அப்படி இருக்குதுங்க?”

அவர் எத்தனையோ ஊரில் முரசடித்தவர். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. “சொல்லச் சொன்னாங்க, சொல்றேன்,” என்றார்.

“யாரு சொன்னது? நீதிபதியா?”

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். பதிலுக்காகக் காத்திருந்தார்கள். செங்கோடன் மாட்டுக்குப் புல் போடுவதை விட்டுவிட்டு வந்து, அவர் உட்கார ஒரு கட்டிலை எடுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. கழுத்திலிருந்து முரசை இறக்கிக் கட்டிலின் மேல் வைத்தார்.

“இது இங்க இருக்கட்டுமுங்க. நான் போயிக் கேட்டுட்டு வந்து சொல்றேன்,” என்று வந்த வழியே அரண்மனையை நோக்கி நடந்தார்.

காட்டுவதற்கு அப்படி ஒரு சட்டம் அரண்மனையிலும் இல்லாததால், முரசை எடுக்கக்கூட அவர் திரும்பி வரவில்லை. குடவோலை வழக்கமான மாதத்தில் நடந்தது.