வெள்ளி மீனின் கஞ்சத்தனம்

அன்று மாலை கீத் மார்ஃப்ளீட் வெள்ளி மீனுக்குள் நூறு வில்லைகள் போட்டார். திரும்பி வந்தவை பதினொன்று.

"இன்னிக்கு என்ன குடுத்துச்சு உன் அலமாரி?" என்று கீழே சமையலறையிலிருந்து மனைவி லொரெய்ன் கேட்டார்.

"ரெண்டு செர்ரி. அதுவும் ஒரே ஒரு தடவை."

"செர்ரிதான் வேணும்னா கடையில டப்பாவுல கிடைக்குது. அதுக்குப் போய்ப் பதினாலு மாசமா வீடெல்லாம் மரத்தூளாக்கிட்டியே, மகராசா!"

ஐந்து நாளாக இதே கதை.

ஒரு காலத்தில் கிரிம்ஸ்பி துறைமுகத்தைச் சுற்றியிருந்த தொழிலாளர் மன்றங்களில் வெள்ளி மீன் என்ற சூதாட்ட மெஷின் இல்லாத மன்றம் கிடையாது. பித்தளை வில்லையைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் செர்ரி, பிளம், எலுமிச்சைப் படங்கள் சுழன்று நிற்கும். மூன்று வெள்ளி மீன்கள் ஒரே வரிசையில் நின்றால் பெரும்பரிசு. மெஷின் கப்பல் சங்குபோல ஊதும். அந்த மெஷின்களில் ஒன்றுகூட இப்போது இல்லை. எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஆனால் அவற்றின் மூளையாக இருந்த சில்லின் நிரலை யாரோ ஒரு புண்ணியவான் நகலெடுத்து வைத்திருந்தார்.

கீத் அந்த நிரலை ஒரு பழைய கணினிக்குள் ஓடவிட்டார். உருளைகள் திரையில் சுழன்றன. அதைச் சுற்றிப் பெட்டி அடித்தார், விளக்கு எரியும் பொத்தான்களைப் பொருத்தினார், வில்லை விழும் தட்டைத் தகரத்தில் வளைத்தார். மேல்கண்ணாடி ஓவியத்தில் மட்டும் சொந்தச் சரக்கு: கடற்கன்னிக்கு லொரெய்னின் முகம்.

"தாடையை ஒரு சுத்துக் குறைச்சிருக்கலாம்," என்பது லொரெய்னின் ஒரே விமர்சனம்.

இத்தனையும் ஒரு கையெழுத்துக்காக. பழ மெஷின் ஆர்வலர் சங்கம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அழிந்துபோன மெஷினைச் சரியாக உயிர்ப்பித்தவரின் பெயர் அதில் ஏறும். முப்பது வருடமாக மீன் குளிர்க் கிடங்குகளுக்குக் குளிர்பதன மெக்கானிக்காக இருப்பவர் கீத். அவர் சரிசெய்த எதிலும் அவர் பெயர் இருந்ததில்லை. இதிலாவது இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

கையெழுத்துப் போடவேண்டியவர் ஹல் நகரத்து ரோலண்ட் ஸ்டப்ஸ். இளவயதில் துறைமுக மன்றங்களின் வெள்ளி மீன்களையெல்லாம் பழுதுபார்த்தவர். அவருடைய நிபந்தனை கறாரானது. மெஷின் நாலு வாரம் தொடர்ந்து ஓடியிருக்கவேண்டும். நடுவில் அதன் நினைவை அழிக்கக்கூடாது. பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவார், உட்கார்ந்து ஆடிப் பார்ப்பார். வெள்ளி மீன் வெள்ளி மீனாக நடந்துகொண்டால் கையெழுத்து. இல்லையென்றால் அடுத்த வருடம்.

வீட்டிலும் ஒரு நிபந்தனை இருந்தது. அது ஈனிட் பிளான்சர்ட் சம்பந்தப்பட்டது.

திருமதி பிளான்சர்டுக்கு எழுபத்தொன்பது வயது. மெதடிஸ்ட் சபையின் சூதாட்ட எதிர்ப்புக் குழுவுக்குச் செயலாளர். கடைத்தெருவில் பந்தயக் கடை திறக்கவிருந்ததை, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி நிறுத்தியவர். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதுக்கு அவரும் இன்னும் இரண்டு பெண்களும் லொரெய்னின் வரவேற்பறைக்கு வந்துவிடுவார்கள். மீனவர் நல விடுதிக்கு நாலு பேருமாகக் கம்பளிப் போர்வை பின்னுகிறார்கள். கீத் அந்நேரம் கிடங்கில் இருப்பார்.

"மாடியில அது இருக்கறது மட்டும் ஈனிட்டுக்குத் தெரிஞ்சுது, நான் இந்த ஊர்ல தலைகாட்ட முடியாது," என்று லொரெய்ன் முதல் நாளே சொல்லியிருந்தார். "யார் கேட்டாலும் அலமாரி. புரியுதா?"

"புரியுது."

"ஆம்பளைங்க அலமாரி. உள்ள பார்க்கற மாதிரி இருக்காது."

ஆறாம் நாள் கீத் முதல் வைத்தியத்தைச் செய்தார். மெஷினுக்குள் ஒரு சாவி உண்டு. போட்டதில் நூற்றுக்கு எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். அதைத் திருப்புவதற்குச் சங்கத்தில் தடையில்லை. எழுபத்தெட்டிலிருந்த சாவியை எண்பத்தாறுக்குத் திருப்பினார்.

மறுநாள் மாலை நூறுக்கு ஒன்பது வந்தது.

தொண்ணூற்றிரண்டுக்குத் திருப்பினார். அதற்கு மேல் சாவி போகாது. மறுநாள் நாலு வந்தது.

"ஏத்த ஏத்தக் குறையுது," என்றார் இரவுச் சாப்பாட்டில், வறுத்த மீனைக் குத்தியபடி. "இது நியாயமே இல்ல."

லொரெய்ன் பட்டாணியைப் பரிமாறினார். "எவ்வளவுக்கு ஏத்தினே?"

"தொண்ணூத்திரண்டு."

"அப்படியா," என்றார் லொரெய்ன். கணவரின் பொழுதுபோக்கைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டதே கீத்துக்குச் சந்தோஷமாக இருந்தது.

மெஷினைத் துடைக்கும்போது பொத்தான்களின் இடுக்கில் இஞ்சி பிஸ்கட் துகள்கள் கிடைத்தன. கீத் தன்னைத்தானே நொந்துகொண்டார். அன்றிலிருந்து மாடி அறைக்குள் பிஸ்கட் கொண்டுபோவதை நிறுத்தினார். துகள்கள் நிற்கவில்லை. பழைய துகள்கள் என்று முடிவு செய்தார்.

இரண்டாம் வாரம் புதன்கிழமை வார்னிஷ் வாடை போகட்டும் என்று காலையில் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் உட்கார்ந்தார். ஏழாவது வில்லையில் மூன்று வெள்ளி மீன்கள்! சங்கு ஊதியது. கடற்கன்னியைச் சுற்றி விளக்கெல்லாம் ஓடின. தட்டில் வில்லைகள் கொட்டின.

லொரெய்ன் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

"இன்னிக்கா? இன்னிக்கே விழுந்துடுச்சா?" அவர் முகத்தில் பூரிப்பு ஒன்றும் இல்லை.

"ஏழாவது வில்லையில!"

"இன்னிக்கு ஒரு நாள்தான் நாங்க பத்தரைக்கே சாவு வீட்டுக்குக் கிளம்பிட்டோம்… சபையில ஆர்கன் வாசிப்பாரே, அவருக்கு இறுதிச் சடங்கு. மனசே சரியில்ல, போ," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கீத் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கண் ஜன்னல்மேல் இருந்தது. வெளியே மூன்று டிகிரி. அறைக்குள்ளும் அதற்கு மேல் இருக்காது.

முப்பது வருடக் குளிர்பதன மெக்கானிக்குக்குக் காரணம் தெரிய அரை நிமிடம் போதும். சூடு! கணினி சூடாகிறது, நிரல் தடுமாறுகிறது, மெஷின் தர மறுக்கிறது. இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை?

அன்றிலிருந்து மாடி ஜன்னல் மூடப்படவில்லை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் திருகை அடைத்தார். கிடங்கிலிருந்து கழித்துப்போட்ட மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார். வடகடல் காற்று படிக்கட்டு வழியாக வீடு முழுக்க இறங்கியது.

"ஈனிட்டுக்கு விரல் விறைச்சுப் போகுதாம்," என்றார் லொரெய்ன்.

"கீழே கணப்பு இருக்கே. பக்கத்துல உட்கார்ந்து பின்னச் சொல்லு."

"பின்னறதுக்கு விரல் வேணும், கீத்."

"ஆமா, அந்தப் போர்வை என்னாச்சு? ஜனவரியிலயும் இதே அளவுதான் இருந்துச்சு."

லொரெய்ன் சோபாவின் கைப்பிடியில் கிடந்த நீலப் போர்வையைப் பார்த்தார். குளியல் துண்டுக்கும் கொஞ்சம் சின்னது. "தப்பு வந்துச்சு. பிரிச்சுட்டோம்," என்றார்.

வெள்ளி மீன் மறுபடியும் வாயை மூடிக்கொண்டது. மூன்று வில்லை, இரண்டு வில்லை, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. குளிர் போதவில்லை என்று கீத் பெட்டியின் பின்பலகையையும் கழற்றிவிட்டுப் போனார். பலகை இல்லாவிட்டால் திருடன் கைவைக்கிறான் என்று நினைத்து மெஷின் அலறும். அசல் மெஷின் அப்படித்தான், நகலும் அப்படியே. அதை அவர் மறந்துபோனார்.

கிடங்கில் இருக்கும்போது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போன் செய்தார்.

"லொரெய்ன், மெஷின் கத்துதா?"

"கத்திச்சு. நிறுத்திட்டேன்."

"எப்படி நிறுத்தினே? அதுக்கு உள்ள, மின்மாற்றிக்குப் பின்னால ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. அது எனக்கும் ரோலண்டுக்கும்தான் தெரியும்!"

மறுமுனையில், பின்னால் ஏதோ ஒரு குரல், "போனை வெச்சுட்டு வா, நேரமாகுது," என்றது.

"ஒரு தட்டுத் தட்டினேன். நின்னுடுச்சு," என்றார் லொரெய்ன்.

தட்டினால் நிற்கிறது என்றால் எங்கோ கம்பி தளர்ந்திருக்கிறது என்று பொருள். கீத் இரண்டு மாலைகள் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு கம்பிகளையும் கழற்றி மறுபடி பற்றவைத்தார். கட்டைவிரல் சுட்டது. பிளம் விழுந்தால் எலுமிச்சை விளக்கு எரிந்தது. அதைச் சரிசெய்ய மூன்றாவது மாலை. வெள்ளி மீன் அப்போதும் ஒன்றும் தரவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ரோலண்ட் ஸ்டப்ஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தார். உயரமான, சிரிக்காத மனிதர். மாடி அறைக்குள் நுழைந்ததும் கழற்றிய கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"இங்க மீன் எதுவும் வெச்சிருக்கீங்களா, மார்ஃப்ளீட்?"

"மெஷினுக்காகங்க. குளிர்ச்சியா இருந்தாத்தான்…"

"நாங்கள்லாம் ஹல்லுல ஜன்னலை மூடி வைப்போம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முதல் பத்து நிமிடம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. உருளை சுழலும் வேகம், பொத்தான் சிமிட்டும் விதம், தட்டில் வில்லை விழும் ஓசை, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடற்கன்னியைப் பார்த்து, "நல்ல தாடை," என்றார். நாற்பது வில்லை, எண்பது, நூற்றிருபது. வந்தது ஆறு. தலையாட்டுவது நின்றது.

"சாவி எங்க நிக்குது?"

"தொண்ணூத்திரண்டுங்க."

"தொண்ணூத்திரண்டுல இந்தக் கஞ்சத்தனமா?" அவர் குனிந்து கீழ்க்கதவைத் திறந்தார். உள்ளே, அசலில் இருந்ததுபோலவே இருக்கட்டும் என்று கீத் பொருத்திய ஆட்டக் கணக்கி இருந்தது. மன்றங்களில் வசூலுக்கு வருபவர் மட்டுமே பார்க்கும் சாதனம். சொந்த வீட்டில் வசூலுக்கு யார் வரப்போகிறார்கள் என்று கீத் அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. "எண் பொடிசா இருக்கு. கண்ணாடி இருக்கா?"

மெஷின் தலையில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடந்தது. வீட்டில் கிடக்கும் கண்ணாடிகள் யாருடையவை என்று கீத் எப்போதும் யோசிப்பதில்லை. எடுத்துக் கொடுத்தார்.

ரோலண்ட் அதைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நாலு வாரத்துல பத்தொன்பதாயிரத்து எண்ணூறு ஆட்டம்."

"இருக்காதுங்க! நான் தினம் நூறுதான் ஆடுவேன். மிஞ்சிப்போனா மூவாயிரம்."

"இதோ பாருங்க, மார்ஃப்ளீட்." ரோலண்ட் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "இந்த மெஷினுக்கு மறதி கிடையாது. ஒருத்தருக்கு வாரிக் கொடுத்தா, அடுத்து வர்றவர்கிட்ட அதைப் பிடுங்கற வரைக்கும் கையை மூடிக்கும். தினமும் யாரோ விவரமா ஆடி இதை வழிச்சு எடுத்திருந்தா, இந்தக் கஞ்சத்தனம் ரொம்பச் சரி. உங்க வெள்ளி மீன் நூத்துக்கு நூறு. அப்படி யாரும் ஆடலைன்னா, கணக்கியும் பொய், நிரலும் பொய். பொய்க்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். யாராவது ஆடினாங்களா?"

கீத் தலையைத் தொங்கப்போட்டார். "இந்த வீட்டுல என்னைத் தவிர யாரும் இதைத் தொடமாட்டாங்க. லொரெய்னுக்கு இது பேரே பிடிக்காது."

ரோலண்ட் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அப்போது கீழே அழைப்புமணி அடித்தது. தொடர்ந்து லொரெய்னின் குரல் வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது: "ஈனிட்! இன்னிக்குச் சனிக்கிழமை! மேலே வேண்டாம், நானே எடுத்துட்டு வர்றேன்!"

"உனக்கு எதுக்குக் கண்ணு சிரமம்? எனக்கு வழி தெரியாதா?"

படிக்கட்டில் காலடி ஓசை. சூதாட்ட எதிர்ப்புக் குழுவின் செயலாளர்! கீத் ஜன்னலோரம் கிடந்த நீலப் போர்வையைப் பாய்ந்து எடுத்து மெஷின்மேல் போர்த்தினார். கடற்கன்னியின் தாடை வரைக்கும்தான் அது எட்டியது. அதற்குக் கீழே செர்ரியும் பிளம்மும் ஆனந்தமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

திருமதி பிளான்சர்ட் உள்ளே வந்தார். கருப்புக் கோட்டு, சபைத் தொப்பி, கையில் இஞ்சி பிஸ்கட் டப்பா.

"வாங்க, திருமதி பிளான்சர்ட்," என்றார் கீத், கைகளை விரித்து மெஷினை மறைத்தபடி. "இது… அலமாரி."

திருமதி பிளான்சர்ட் அவரைச் சுற்றிக்கொண்டு போனார். ரோலண்டின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். போகிறபோக்கில் ஜன்னலை அடித்துச் சாத்தினார். பிறகு வாசலில் கல்லாக நின்றிருந்த லொரெய்னிடம் திரும்பினார்.

"திங்கக்கிழமை ஒன்பதுக்குப் பதிலா எட்டரைக்கே வந்துடறோம், லொரெய்ன், உன் வீட்டுக்காரர் இதைத் தொண்ணூத்திரண்டுக்கு ஏத்தினதுலேருந்து வழிச்சு முடிக்கறதுக்குள்ள மத்தியானமாயிடுது, போர்வை ஒரு வரிசைகூட ஏறமாட்டேங்குது."