மேல்வீட்டுச் சத்தம்

"கொடுத்து வச்சவர் சார் நீங்க," என்றார் கீழ்வீட்டு ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர், மாடிப்படியில் வழிமறித்து.

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மூக்குக்கண்ணாடி விற்றே ஐம்பதை எட்டிவிட்ட மனிதரை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"எதைச் சொல்றீங்க?"

"காலங்காத்தால கட்டில் சத்தம், முக்கல், முனகல்... அதுவும் இந்த வயசுல. என் வீட்டம்மா என்னை ஒரு மாதிரி பாக்குறா சார். கொஞ்சம் எங்களையும் மனசுல வச்சுக்கங்க."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். விஷயம் அவர் நினைத்த அளவுக்கு ருசியானது இல்லை. வயதானால் தசை கரையும், எடை தூக்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜிம்மில் சேரச் சொன்னாள் மனைவி. சட்டையில்லாத பையன்களுக்கு நடுவே தன் தொப்பையைக் கொண்டுபோய்க் காட்டுவதாவது என்று இவர் ஒரு ஜோடி டம்பெல் வாங்கி, கட்டிலில் மல்லாந்து படுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் முனகினார், கூடவே கட்டிலும் முனகியது.

மனைவியிடம் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதான் அந்தம்மா என்னைப் பாத்துப் பாத்துச் சிரிச்சாங்களா? இனிமே நான் வீட்ல இருக்கும்போது அதைத் தொடாதீங்க. மானம் போகுது."

"அப்புறம் எப்பதான் பண்றது?"

"நான் வேலைக்குக் கிளம்பினப்புறம் பண்ணுங்க. நானே இல்லேன்னா யாரு தப்பா நினைக்கப் போறாங்க?"

கேட்டபோது அருமையான யோசனையாகத்தான் இருந்தது. மறுநாள் அவள் தையல் யூனிட்டுக்குக் கிளம்பியதும் இவர் கட்டிலில் சாய்ந்தார். முனகல் கீழே கேட்கக்கூடாதே என்று செல்போனில் பயிற்சி வீடியோவைச் சத்தமாக வைத்தார். சொல்லிக்கொடுத்தது ஒரு பெண். நல்ல குரல். "அப்படித்தான்... விட்றாதீங்க... இன்னும் கொஞ்சம்... சூப்பர்" என்று அவள் உசுப்பேற்ற, இந்த மனுஷன் "முடியலம்மா" என்று பதில் வேறு சொல்லித் தொலைத்தார்.

அந்த வாரக் கடைசியில் மனைவி கைப்பையைச் சோபாவில் வீசிவிட்டு வந்து நின்றாள்.

"யாரு அவ?"

"எவ?"

"நான் கிளம்பினதும் பெட்ரூமுக்கு வர்றவ. கீழ்வீட்டம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. 'முடியலம்மா'ன்னு கெஞ்சினீங்களாமே. என்கிட்ட ஒருநாளாவது அப்படிக் கெஞ்சியிருக்கீங்களா?"

அவர் பதறிப்போய் வீடியோவைப் போட்டுக் காட்டினார். அதுதான் வினையாகிப் போயிற்று. பயிற்சிக்காரி போட்டிருந்த உடை அப்படி.

"ஓ, இதைப் பாத்துத்தான் உடம்பை வளக்குறீங்களா," என்றவள் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

அதோடு பேச்சு நின்றது. கல்யாணமான நாளிலிருந்து ஓயாமல் பேசியவள். இப்போது அவளுக்குப் பதிலாகக் காபி டம்ளர்தான் மேஜைமேல் 'ணங்'கென்று பேசியது. இவருக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது. இவள் என்னை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வேன் என்று கடையில் லென்ஸ் பொருத்தும்போதே கண் கலங்கியது.

வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு ஜிம்மில் சேர்ந்தார். வீட்டில் இனி சந்தேகத்துக்கே இடமிருக்கக்கூடாது என்று டம்பெல்லையும் ஜிம்முக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். வீட்டில் இரும்பென்று மிஞ்சியது சாவிக்கொத்துதான். பையன்கள் "அங்கிள், அங்கிள்" என்று கூப்பிட்டு மானத்தை வாங்கினார்கள். பொறுத்துக்கொண்டார்.

பலன் இருந்தது. அவர் உடம்பு இறுகியது, அவள் மனசு இளகியது. பேச ஆரம்பித்தாள். சமயத்தில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். விடிவதற்குள் எழுந்து அவருடைய ஷூவை வாசலில் எடுத்து வைத்தாள்.

"நேரமாச்சு, கிளம்புங்க. அவசரப்படாம மெதுவா பண்ணிட்டு வாங்க."

ஆனாலும் அந்த வீடியோக்காரியை வைத்து அவள் சந்தேகப்பட்டது அவர் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. தான் உத்தமன் என்று சாட்சியோடு நிரூபிக்காமல் அவருக்குத் தூக்கம் வராதுபோலிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

"போஸ்ட்மாஸ்டரையே கூப்பிடறேன். அவர் வாயாலயே கேட்டுக்கோ."

"வேணாங்க. நான்தான் நம்பிட்டேனே."

"இல்ல, உன் காதால கேக்கணும்."

"அட, விடுங்கன்றேன்ல. வயசானவரை எதுக்குப் படியேற வச்சுக்கிட்டு?"

அவர் விடவில்லை. கூப்பிட்டேவிட்டார். போஸ்ட்மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார்.

"சார், இவ முன்னாடியே சொல்லுங்க. நான் ஜிம்முல சேந்தப்புறம் எங்க பெட்ரூம்லேர்ந்து ஒரு சத்தமாவது கேட்டுச்சா?"

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவியையும் பார்த்தார்.

"சத்தம் எங்க சார் நின்னுச்சு? இப்பல்லாம் நீங்க ஜிம்முக்குக் கிளம்பிப் போனதும்தானே ஆரம்பிக்குது."