கோவேறு கழுதைக்குப் பொருள் சொன்னவர்

வாயில் வந்த சொல்லைப் பேசிவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. அந்தச் சொல் எங்கே பிறந்தது, எந்தக் கப்பலில் வந்து இறங்கியது, வேறு எந்தெந்தப் பொருளுக்கு அதே பெயர் என்று விசாரிக்காமல் விடாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையைப் 'பொருள் சொல்லிகள்' என்று நான் அழைக்கிறேன். மழை வருகிறது என்று இவர்களிடம் சொல்லிப் பாருங்கள். மழை என்ற சொல்லின் வேரைத் தோண்டுவார்கள்; நீங்கள் நனைந்துகொண்டே கேட்கலாம்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் யோகேஸ்வரன் என்று ஒருவர் இருக்கிறார். தேயிலை ஃபாக்டரியில் கிளார்க். நல்ல மனிதர், தொல்லையே அதுதான். கெட்டவராக இருந்தால் எழுந்து போய்விடலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, தோட்டத்து வரிசை வீடுகளுக்குச் சொல்லும் 'லயம்' என்ற சொல்லை எடுத்தாரானால் தலவாக்கலை வரும்வரை இறக்கிவைக்க மாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தம்பி மகள் சர்மிளாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பார்ப்பதெல்லாம் பெயருக்குத்தான். பாலர் பாடசாலை ஆசிரியை சர்மிளாவும் நுவரெலியா ஹோட்டலொன்றில் சமையல் வேலை செய்யும் கஜதீபனும் விரும்பி மூன்று வருடம் ஆகிறது. இரண்டு வீட்டையும் மசியவைத்து அந்த ஞாயிறுவரை கொண்டுவர சர்மிளா பட்ட பாடு கொஞ்சமல்ல. மாப்பிள்ளையின் தகப்பன் இராமையா ராகலைத் தோட்டத்தில் பிறந்தவர். தாய் பூரணம் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து அவரைக் கட்டிக்கொண்ட டீச்சர். சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள் அல்லவா? டீ தொடப்படாமல் தட்டிலேயே இருந்தது. பூரணம் ஒரு கோப்பையை எடுத்தால் கல்யாணம். எடுக்காவிட்டால் மூன்று வருடப் பாடும் வீண். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் நானும் ஓர் ஓரத்தில் இருந்தேன்.

இராமையா பணிவாகச் சொன்னார். "எங்க மகன் கழுதை மாதிரி ஒழைப்பான்ங்க."

"வெறும் கழுதைன்னு சொல்லக்கூடாதுங்க, கோவேறு கழுதைன்னு சொல்லணும்" என்று யோகேஸ்வரன் விரலைத் தூக்கினார்.

தூக்கினால் இறங்குமா? 'கோ' என்றால் அரசன், அரசன் ஏறிப்போகும் கழுதை என்றார். இங்கிலீஷ்காரன் அதை மியூல் என்கிறான், அது லத்தீனில் இருந்து வந்தது என்றார். குதிகால் மூடாத செருப்புக்கும் மியூல்தான், ஆனால் அந்தச் சொல்லுக்குப் பூர்வீகம் வேறு என்றார். அந்தக் காலத்து நூல் நூற்கும் மெஷின் ஒன்றுக்கும், சொன்ன பேச்சுக் கேட்காத பிடிவாதக்காரனுக்கும், பயணப் பெட்டியில் போதைத்தூள் கடத்துகிறவனுக்கும் அதே பெயர் என்றார். மாப்பிள்ளை இரண்டு வருடம் டுபாயில் இருந்துவிட்டு வந்தவர்.

சர்மிளாவின் தாய் இருமினார். தம்பி முழங்காலால் இடித்தார். இடித்தால் நிற்கிற வண்டியா அது? கோவேறு கழுதைக்குத் தாய் குதிரை, தகப்பன்தான் கழுதை என்று விளக்கினார். இராமையா தலையைக் குனிந்துகொண்டார். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

"அதுக்குக் குட்டியே பொறக்காதுங்க" என்று முடித்தார் மனிதர்.

சர்மிளாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நேரத்தில் யோகேஸ்வரன்மீது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. பூரணம் டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தார்.

"குதிரை போய்க் கழுதையைக் கட்டக்கூடாதெண்டு என்ர வீட்டு ஆக்கள் முப்பது வருசத்துக்கு முன்னமே எனக்குச் சொன்னவை, அண்ணை. நான் கேக்கேல்லை."

பிறகு ஆறிப்போன டீயை எடுத்து, புருசனுக்கு ஒன்று நீட்டிவிட்டு, தானும் குடித்தார். சர்மிளா அழுதுவிட்டாள்.

யோகேஸ்வரன் வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? 'ஆக்கள்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மேலே 'கோ' என்றால் அரசன் என்று வாசித்தபோது, அது மட்டுமில்லையே என்று உங்கள் விரலும் கொஞ்சம் எழவில்லையா? போன வருடம் சர்மிளாவின் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த செய்தி யோகேஸ்வரனுக்குப் போனது, எல்லாம் பேசி முடித்த மறுநாள்தான். உங்கள் வீட்டிலும் நல்ல காரியங்கள் நடந்திருக்குமே. அவற்றை எல்லாம் உங்களுக்கு எப்போது சொன்னார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.