ரசமட்டமும் ரப்பர் படகும்

"அப்பா, இந்தப் படத்துல இருக்கிற சித்தப்பா செத்துப் போயிட்டாரா?"

பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்த சின்ன மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். தச்சருக்கு வாயில் போட்ட கவளம் அப்படியே நின்றது.

தம்பி சாகவில்லை. ஏரிக்கு அந்தக் கரையில், கண்ணுக்கெட்டும் தூரத்தில், நலமாகவே இருந்தார். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதை எப்படி விளக்குவது?

சண்டை ஒரு மோட்டாரால் வந்தது. அப்போது அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக, காற்றடைத்த ரப்பர் படகு ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் மீன் பிடிக்கப் போவார்கள். படகின் பின்பலகையில் மோட்டாரை மாட்டி, இரண்டு திருகுகளையும் இறுக்குவது அண்ணன் வேலை. ஓட்டுவது தம்பி வேலை. ஒருநாள் நடு ஏரியில் மோட்டார் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. கரைக்கு வந்ததும், துறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் தச்சர் தம்பியைத் திட்டித் தீர்த்தார். ஓட்டத் தெரியாதவன் என்றார். தான் இறுக்கியது ஐந்து வருடத்தில் ஒருநாளும் கழன்றதில்லை என்றார். தம்பி பதிலே சொல்லவில்லை. அந்த மாதமே வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

மகள் கேட்ட பிறகு, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தச்சருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் பஸ்ஸில் போனால் தேடிப் போனதாக ஆகிவிடும். படகில் போனால், சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்காகவே பழைய ரப்பர் படகு ஒன்றையும் அதைவிடப் பழைய மோட்டார் ஒன்றையும் தேடிப் பிடித்தார்.

"ஒரு மன்னிப்புக் கேக்கறதுக்கு இவ்வளவு பாடு படற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மனைவி.

"யாரு கேக்கப் போறா? அவன் கேட்டா ஏத்துக்கலாம்னு போறேன்."

முதல் ஞாயிறு, துறையின் சரிவில் படகை மூக்கு மேலே பார்க்க வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கதவுநிலை நிறுத்துகிறவர் அல்லவா, நேர் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, விசிறியைத் தாங்கித் தண்ணீருக்குள் இறங்கும் மோட்டாரின் கால் நூல் பிடித்தது போல நேராக நிற்கும்படி மாட்டினார். படகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துச் சாய்வைச் சரிசெய்யும்படி துறைக்காவலர் பணிவாகத்தான் சொன்னார். இருபத்தைந்து வருடமாக நேர் பார்க்கிறவனுக்கு நேர் எது என்று தெரியாதா என்று தச்சர் கேட்டுவிட்டார்.

சரிவில் நேராக இருந்தது தண்ணீரில் நேராக இருக்கவில்லை. முடுக்கியதும் படகின் மூக்கு வானத்தைப் பார்த்துக் கிளம்பியது. தச்சர் மல்லாந்தபடியே ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தார்.

முன்பாரம் போதவில்லை என்று முடிவுசெய்து, மூக்கில் இரண்டு மணல் மூட்டைகளை வைத்தார். மூக்கு தாழ்ந்தது. பின்பக்கம் எழும்பியது. விசிறி பாதி காற்றில் சுற்றி, கரையில் இருந்த நாய்களெல்லாம் குரைக்கும்படி அலறியது.

மோட்டார் உயரமாக இருக்கிறது என்று அடுத்த ஞாயிறு ரம்பத்தை எடுத்து வந்து, பின்பலகையில் நான்கு விரல் அளவுக்கு அறுத்தார். மோட்டார் இறங்கியது. கூடவே, அறுத்த இடத்தின் வழியாக ஏரியும் உள்ளே வந்து உட்கார்ந்தது. அன்று நனைந்து வந்தவரைப் பார்த்து மனைவி ஒன்றும் சொல்லவில்லை. துண்டை மட்டும் நீட்டினாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

வாரம் முழுவதும் உட்கார்ந்து, அறுத்த இடத்துக்கு அளவாக ஒரு கட்டை செய்தார். இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கை வார்னிஷ் அடித்தார். முகம் பார்க்கலாம் போல இருந்தது. மூன்றாம் ஞாயிறு அதைப் பொருத்தி, மூட்டைகளை இறக்கிவிட்டு, காலின் சாய்வையும் தண்ணீரில் வைத்தே சரிசெய்தார். அது அவருக்கே தோன்றிய யோசனை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். துறைக்காவலரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

படகு அம்பாகப் போனது. தச்சர் தம்பியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நடு ஏரியைத் தாண்டியதும் மோட்டார் லேசாக ஆடத் தொடங்கியது. பிறகு நன்றாகவே ஆடியது. பளபளத்த வார்னிஷில் திருகுகளின் பிடி வழுக்கிக்கொண்டிருந்தது. தச்சர் பாய்ந்து மோட்டாரை அணைத்தார், பிறகு இரண்டு கையாலும் கட்டி அணைத்தார். விட்டால் தண்ணீருக்குள் போய்விடும். கைக்குழந்தையைப் போல அதை மார்போடு வைத்துக்கொண்டு, ஆண்டவனைத் தவிர வேறு யாரையும் கூப்பிட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

துறைக்காவலர் துடுப்புப் படகில் வந்தார். மோட்டாரைக் கயிற்றால் கட்டி, அந்தக் கரைதான் பக்கம் என்று இழுத்துப் போனார். வார்னிஷ் அடிக்காத பலகையானாலும் அதிர்வில் மரம் அமுங்கிவிடும், பத்து நிமிடம் ஓடவிட்டுத் திருகை மறுபடி இறுக்கத்தான் வேண்டும் என்றார்.

"அந்தக் காலத்துல நான் ஒரு தடவைதான் இறுக்குவேன்" என்றார் தச்சர். "அஞ்சு வருஷம் அசையலையே. அந்த ஒரு நாளைத் தவிர."

துறைக்காவலர் துடுப்பை நிறுத்தினார்.

"நீங்க இறுக்கிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, டீ குடிக்கப் போவீங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் தம்பி மறுபடி ஒரு தடவை இறுக்குவாரு. அண்ணன் பாத்தா மனசு சங்கடப்படும், சொல்லிடாதீங்கன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டாரு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கு நீங்க டீ குடிக்கப் போகலை, மேஸ்திரி."

கரை வரும்வரை தச்சர் கயிற்றில் கட்டிய மோட்டாரின் திருகுகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தம்பி அந்தக் கரைத் துறையில்தான் இருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. ஆறு வருடமும் நேற்றுத்தான் என்பது போலக் கை கொடுத்து அண்ணனை மேலே ஏற்றினார். தச்சர் வாயைத் திறந்தார். சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை.

"நனைஞ்சிருக்கே அண்ணா. சாப்பிட்டுத்தான் போகணும். இரு, துண்டு எடுத்துட்டு வரேன்" என்று தம்பி வீட்டுக்குப் போனார். துறைக்காவலர் ஏற்கனவே துடுப்புப் படகைத் திருப்பிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

துறையில் தம்பியின் படகு கட்டியிருந்தது. தச்சர் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. மெல்ல இறங்கி, பின்பலகை அருகே மண்டியிட்டு, மோட்டாரின் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். இரண்டும் இன்னும் கால் சுற்றுப் போயின.

தம்பி துண்டோடு வருவதற்குள் மேலே ஏறி, ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.