அண்ணன் தூண்டிலுக்கு நான் சுத்துன செவப்பு நூல்

ரெண்டு வாரம் முன்னாடி எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு தூண்டில் கம்புக்கு நூல் சுத்தணும். அவ்ளோதான்.

கம்பு எங்க அண்ணனுக்கு. அவர் படவேட்டுல இருக்கார். ரெண்டு வருஷமா எங்கிட்ட பேசறதில்ல. காரணம் என் வாய்தான். அவரோட புது வூட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போயி, பந்தியில உக்காந்துகிட்டு, "வூட்டைவிட மாட்டுக்கொட்டா காத்தோட்டமா இருக்கு"ன்னு சொல்லிட்டேன். மெதுவாத்தான் சொன்னேன். ஆனா நான் மெதுவா சொன்னாலே எதிர் வரிசை வரைக்கும் கேக்கும்.

அன்னிலேர்ந்து அண்ணன் ஒரு வார்த்தை பேசல. போன் பண்ணா அண்ணிதான் எடுப்பாங்க. பின்னாடி அவர் இருமுறது மட்டும் கேக்கும். அந்த இருமலைக் கேக்கறதுக்காகவே வாரத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணுவேன்.

அண்ணிதான் யோசனை குடுத்தாங்க. "அவருக்கு மீனு புடிக்கிறதுன்னா உசுரு வசந்தி. நல்ல கம்பா ஒண்ணு செஞ்சு குடு. மனசு எளகிடும்."

வாணியம்பாடியில ஒரு பாய் இருக்கார். ஷூ தைக்கிற நூல் விக்கிற கடை. ஆசைக்குத் தூண்டில் கம்பும் செஞ்சு தருவார், அவங்கவங்க கைக்கு ஏத்த மாதிரி. முள்ளு கட்டுற நைலான் நரம்பு ஓடறதுக்குக் கம்பு நெடுக வளையம் வெச்சு, ஒவ்வொரு வளையத்தையும் நூலால சுத்திக் கட்டணும். அழகுக்குக் கைப்பிடியிலயும் சுத்துவாங்க.

"நூலை நானே சுத்திக்கிறேன் பாய்"ன்னேன். தங்கச்சி கையால செஞ்சதுன்னு அண்ணனுக்குத் தெரியணும் இல்ல?

பாய் கொஞ்சம் யோசிச்சார். "செய்ங்கக்கா. ஆனா சாயம் எறங்காத நூலா இருக்கணும். இந்த நைலான் நூலை எடுத்துக்குங்க. சுத்தி முடிச்சதும் இந்த மருந்தை அடிச்சா கலர் அப்படியே நிக்கும். நல்லா காயவுட்டு, மேல இந்த எபாக்சிப் பசையைக் கலக்கிப் பூசுங்க, கலக்கினா சீக்கிரம் கெட்டியாயிடும். மொதல்ல வேற குச்சியில சுத்திப் பாத்துட்டு, அப்புறம் கம்புல கை வைங்க."

பாய் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. கேட்டவ கிட்டதான் கோளாறு.

"பாய், இருவது வருஷமா காவலூர்ல பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைக்கிறவ நான். எனக்கே நூலைப் பத்திச் சொல்றீங்களா?"

பாய் சிரிச்சார். அது மரியாதைச் சிரிப்புன்னு ஆலங்காயம் தாண்டற வரைக்கும் பஸ்ல நெனச்சுகிட்டே வந்தேன்.

வூட்டுக்கு வந்து பாத்தா, பாய் குடுத்த நூல் ஒரு மாதிரி அழுது வடியுற கலர். என் பெட்டியில புடவைக் குஞ்சத்துக்குன்னு வெச்சிருந்த நூல் இருக்கே, செக்கச்செவேல்னு! அதோட வெள்ளையும் சேத்து, மாத்தி மாத்திச் சுத்தினேன். எங்க வூட்டுக்காரரே நின்னு பாத்தார். என் வேலையை அவர் நின்னு பாத்தது அதான் மொத தடவை.

அடுத்து மருந்து. பால் மாதிரி இருந்துச்சு. பிரஷ்ல தொட்டு அடிச்சேன். செவப்பு மெதுவா வெள்ளைக்குள்ள நடந்து வந்துச்சு. அப்புறம் ஓடி வந்துச்சு. பத்தே நிமிஷம், மொத்தக் கம்பும் ரோஸ் மில்க்.

"இது இன்னா, தூண்டிலா, குச்சி ஐஸா?"ன்னார் வூட்டுக்காரர்.

எல்லாத்தையும் பிரிச்சேன்.

புதுப் புடவைக்குச் சாயம் போகாம இருக்க என்ன பண்ணுவோம்? கல்லுப்புத் தண்ணியில ஊற வெப்போம். அதையே நூலுக்கும் பண்ணேன். ஒரு குண்டான் தண்ணி, ரெண்டு கை கல்லுப்பு. நூலை முக்கி வெச்சுட்டு ஜாக்கெட் தைக்கப் போயிட்டேன். வந்து பாத்தா குண்டான்ல பீட்ரூட் ரசம்! சரி, போற சாயம் எல்லாம் போயிடுச்சு, இனி போறதுக்கு என்ன இருக்குன்னு காய வெச்சு, புது வெள்ளை நூலோட சேத்துச் சுத்தினேன்.

நூல் மேல வெள்ளை வெள்ளையா உப்பு பூத்துச்சு.

வூட்டுக்காரர் கம்பை மோந்து பாத்தார். "மீன் புடிக்கத்தான போறாரு? இதுலயே கருவாடு வாசனை வருதே!"

ஈரத்துணியால உப்பைத் தொடைச்சேன். துணியும் செவப்பு, வெள்ளை நூலும் மறுபடி ரோஸ் மில்க்.

இந்த எடத்துல வேற யாரா இருந்தாலும் பாய்க்கு ஒரு போன் போட்டிருப்பாங்க. நைலான் நூல் மேஜை மேலயேதான் கெடந்துச்சு. ஆனா அவர்கிட்ட அவ்ளோ பேசிட்டு எந்த மூஞ்சியை வெச்சுகிட்டுக் கேக்கறது?

அப்பதான் என் மூளை வேலை செஞ்சுச்சு. சாயம் எறங்குறது ஏன் வெளிய தெரியுது? பக்கத்துல வெள்ளை இருக்கறதால. வெள்ளையே இல்லன்னா? முழுக்க முழுக்கச் செவப்பு! செவப்பு எறங்கினாலும் செவப்பு மேலதான எறங்கப்போவுது?

என்னை நெனச்சு எனக்கே பெருமையா இருந்துச்சு.

வளையத்துலேர்ந்து கைப்பிடி வரைக்கும் செவப்பு சுத்தினேன். எபாக்சியை மொத்தமா கலக்கி, வளையத்துக்கெல்லாம் பூசினேன். நடுவுல ஒரு அம்மா அளவு குடுக்க வந்தாங்க. அளவு எடுத்துட்டு, கொஞ்சம் கதையும் பேசிட்டுத் திரும்பினா, மிச்ச எபாக்சி டப்பாவோட கல்லாயிடுச்சு.

அப்ப கைப்பிடிக்கு? கஞ்சி போட்டேன்! பருத்திப் புடவைக்குப் போடறது கம்புக்கு ஆகாதா? நல்ல சாமைக் கஞ்சி. காஞ்சதும் வெறப்பா நின்னுச்சு.

சனிக்கிழமை ஜமுனாமரத்தூர்ல ஒரு கல்யாணம். அங்க வந்த அண்ணி கையில கம்பைக் குடுத்து அனுப்பினேன்.

ஞாயித்துக்கிழமை காலையில அண்ணி போன். "திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. ஆனா குளிச்சுட்டு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுனு டேமுக்குப் போயிருக்காரு."

"மீன் புடிக்கவா வெள்ளை வேட்டி?"

"நீ குடுத்த கம்பாச்சே!"

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பதினோரு மணிக்குத் தூறல் போட்டுச்சு. கொஞ்ச நேரத்துல மறுபடி அண்ணி போன். ஒரே அழுகை.

"வசந்தி, அவருக்கு டேமுல அடிபட்டுடுச்சாம்! கையெல்லாம் ரத்தமாம், மூஞ்செல்லாம் ரத்தமாம்! பக்கத்து வூட்டுக்காரு இப்பதான் சொன்னாரு. ஆட்டோவுல ஏத்தினு வர்றாங்களாம்!"

ரெண்டு வருஷம்! தப்பு என் மேலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அதை விட்டுட்டுக் கம்பு, நூல்னு சுத்திகிட்டு இருந்தேனேன்னு தையல் மெஷின் மேலயே சாஞ்சு அழுதேன்.

அண்ணி போனை வெக்கல. ஆட்டோ வந்து நிக்கற சத்தம் கேட்டுச்சு. ஒரே கூட்டம்.

"காயம் எங்கய்யா?"

"அதான் தேடினு இருக்கோம்!"

"வேட்டியைத் தூக்கிப் பாரு!"

"யோவ், கையை எடுய்யா!"

கடைசியா கத்தினது அண்ணன்! அப்புறம் தண்ணி ஊத்துற சத்தம். போன் கை மாறுச்சு.

"ஏய் வசந்தி! இன்னா நூலுமே இது? தூறல்ல கஞ்சி கரைஞ்சு கையெல்லாம் செவப்பு! மூஞ்சியைத் தொடைச்சா மூஞ்சி செவப்பு, சட்டையில தொடைச்சா சட்டை செவப்பு! நல்லாத்தான் கீறேன்னு கத்துறேன், ஒருத்தனும் நம்பல! மூணு பேரு அலேக்கா தூக்கி ஆட்டோவுல போட்டானுங்க! டெய்லராமே டெய்லரு!"

நான் பதில் பேசல. அதிசயம்தான். அழுகை மட்டும் பொங்கிப் பொங்கி வந்துச்சு.

அண்ணன் பயந்துட்டார். "ஏய்... இன்னாத்துக்கு அழுவுற? ஒண்ணும் ஆவல. சாயந்தான?" ரெண்டு தடவை இருமினார். "சாப்ட்டியா?"

"மன்னிச்சிக்கண்ணா"ன்னேன்.

"சரி சரி. வர்ற ஞாயித்துக்கெழமை கம்பை எடுத்துனு வர்றேன். ஒழுங்கா சுத்து."

உடனே பாய்க்கு போன் போட்டு எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவர் சிரிக்காம முழுசாக் கேட்டார். "வேற எபாக்சி டப்பா குடுத்தனுப்புறேன். அந்த நைலான் நூலு இருக்காக்கா, இல்ல ஜாக்கெட்டுக்குத் தெச்சுட்டீங்களா?"

நேத்து அண்ணன் வந்தார். வேற குச்சியில சுத்திப் பாத்து, நைலான் நூலைக் கம்புல சுத்தி, மருந்து அடிச்சு, காயவிட்டு, எபாக்சி பூசினேன். அண்ணன் பக்கத்துலயே உக்காந்து, சாயந்தரம் வரைக்கும் கொறை சொல்லிகிட்டே இருந்தார். கேக்கக் கேக்க அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

அதனால சொல்றேன், கம்புல நூல் சுத்தறதுக்கு முன்னாடி சாயம் எறங்குதான்னு கண்டிப்பா பாத்துடுங்க. பேசாம இருக்கற அண்ணனுக்குன்னா மட்டும் பாக்காதீங்க.