கேக்குக்குள் ஒளிந்த ராஜா

டமால்! டமால்!

பாரிஸ் மாநகரில் சமத்துவம் கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா?" என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. துப்பாக்கிக் கட்டையால் இடித்துக்கொண்டுதான் வரும். உலகத்தில் வேறெந்தத் தலைநகருக்கும் இந்தப் பெருமை கிடையாது.

கேக் கடைக்காரர் கஸ்பார் பொம்மரே மாவுக் கையோடு ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். வாசலில், கொட்டும் பனியில், பேட்டைக் கண்காணிப்புக் குழு நின்றிருந்தது. ஆறு பேர், ஆறு சிவப்புக் குல்லாய், ஒரு துப்பாக்கி. முன்னால் நின்றவர் தலைவர் லூபின் தார்த்யூ. புரட்சிக்கு முன் பிரபுக்களுக்கு டோப்பா செய்து கொடுத்தவர். டோப்பா வைக்கத் தலைகள் குறைந்துவிட்டதால், நாட்டுக்கு உழைக்க வந்துவிட்டார்.

"வணக்கம் ஐயா, உள்ளே வாங்க..."

செயலாளர் அனிசே சட்டென்று நோட்டைத் திறந்தார். "'ஐயா' ஒண்ணு. 'வாங்க' ஒண்ணு. மொத்தம் ரெண்டு குற்றம்."

எல்லாரையும் 'நீ' என்றே பேச வேண்டும், 'குடிமகனே' என்றே அழைக்க வேண்டும் என்பது புரட்சியின் மகத்தான சாதனைகளுள் ஒன்று. நகரத்தில் ரொட்டி கிடைக்கவில்லைதான். ஆனால் "ரொட்டி இல்லை, போ!" என்பதை எல்லாரும் சரிசமமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கஸ்பார் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உள்ளே வா, குடிமகனே."

"வர்றேன். உன் அடுப்புக்குள்ள ராஜா இருக்காராமே?" என்றார் தார்த்யூ.

நிஜ ராஜாவின் கதையை நகரம் போன வருஷமே முடித்துவிட்டது. பிறகு சீட்டுக்கட்டில் இருந்த நாலு ராஜாக்கள் போனார்கள். சதுரங்கப் பலகையில் இருந்த இரண்டு பேர் போனார்கள். பாக்கி இருந்தது கேக் மட்டும்தான்.

"அது வந்து... வருஷா வருஷம் ஜனவரி ஆறாம் தேதி..."

"ஜனவரியா? அப்படி ஒரு மாசமே கிடையாதே! இன்னிக்கு என்ன நாள், சொல்லு பாப்போம்?"

"களிமண் நாள்!" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் கஸ்பாரின் மனைவி பெரின். "ஒன்பது நாளைக்கு முன்னாடி சாண நாள். நல்லவேளை, எங்க வீட்டுல அன்னிக்கு யாரும் பொறக்கல."

புதிய காலண்டரில் பழைய மாதங்களையும் நாளுக்கொரு புனிதரையும் துரத்திவிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொருளைப் பெயராக வைத்திருந்தார்கள்; அன்று பிறக்கும் குழந்தைக்கும் அதையே வைக்கலாம். அந்தப் பெருமை முகத்தில் தெரியத் தலையாட்டிய தார்த்யூ, விசாரணையைத் தொடர்ந்தார். கஸ்பார் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"கேக்குக்குள்ள ஒரு மொச்சைக்கொட்டை வைப்போம், குடிமகனே. அது யார் துண்டுல வருதோ, அவர்தான் அன்னிக்கு ராஜா. அவர் கோப்பையைத் தூக்கினதும் சுத்தி இருக்கறவங்க எல்லாம் 'ராஜா குடிக்கிறார்!'னு கத்தணும். வெறும் விளையாட்டுதான்."

"விளையாட்டா? ஒரே ஒரு ராஜாவை இறக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நீ என்னடான்னா காலங்காத்தால ராஜாவைச் சுடச்சுட எடுக்கறே!"

மாவு பிசையும் மேஜையைச் சுற்றி அவசரக் கூட்டம் கூடியது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு மொச்சைக்கொட்டை வைத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடுமே என்றார் ஓர் உறுப்பினர்.

"வந்துடும். ஆனா நாம எல்லாருமே ராஜாவாயிடுவோம். அப்புறம் நம்மளை யாரு இறக்கறது?" என்றார் தார்த்யூ.

"அப்ப கொட்டையே வேணாம். கேக்கும் வேணாம்," என்றார் இன்னொருவர்.

"கேக் இருக்கட்டும்!" என்று அலறினார் அனிசே. அவர் வெண்ணெய் வாசனையை முகர்ந்து நாலு மாதமாகியிருந்தது.

கடைசியில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் நிறைவேறியது. இனி இது 'சமத்துவ கேக்'. கொட்டை கிடைத்தவர் சாதாரணக் குடிமகனாகவே இருக்க வேண்டும். 'ராஜா குடிக்கிறார்!' என்று யாராவது கத்தினால் கைது. இப்போதே ஒரு கேக்கைச் சோதித்துப் பார்ப்பது; கொட்டை கிடைத்தவரிடம் கடுகளவு கர்வம் தெரிந்தாலும் கேக் ராஜவிசுவாசி என்று முடிவுகட்டி, அடுப்புக்குச் சீல் வைத்து, கஸ்பாரைச் சிறைக்கு அனுப்புவது. தெரியாவிட்டால் கடைக்கு அனுமதிப் பத்திரம். கேக்கைச் சிறைக்கு அனுப்புவது பற்றித் தீர்மானத்தில் எதுவும் இல்லை. அதற்குள் அது தீர்ந்துவிடும்.

கேக்கை எடுக்க அடுப்படிக்குப் போனார் கஸ்பார்.

"கொட்டை எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கிசுகிசுத்தாள் பெரின்.

"ஓரத்துல கிள்ளி அடையாளம் வச்சிருக்கேன். யாருக்குடி குடுக்கறது?"

"இவனுங்கள்ல யாருக்குக் குடுத்தாலும் தலைக்கேறிடும். ஏழைப் பங்குல வர்ற மாதிரி வெட்டுய்யா!"

கஸ்பாருக்கு உயிர் வந்தது. கேக்கை வெட்டும்போது ஆள் கணக்குக்கு மேல் ஒரு துண்டு போடுவார்கள். வாசலுக்கு வரும் முதல் ஏழைக்கு அது. தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம். கஸ்பார் ஆறு பேருக்கு ஏழு துண்டு போட்டு, கிள்ளிய துண்டைத் தட்டிலேயே விட்டுவைத்தார்.

குழு சாப்பிட்டது. சாப்பிட்டது என்றா சொன்னேன்? தவறு, விசாரித்தது. ஒவ்வொரு வாயையும் முப்பது தரம் மென்று விசாரித்தது. அனிசே விரலை நக்கிவிட்டு எழுதினார்: 'ஆறு துண்டுகளிலும் ராஜா இல்லை.'

தார்த்யூ பத்திரத்தை விரித்து, முத்திரையில் மையைத் தடவினார். கஸ்பார் பெருமூச்சு விட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து ரொட்டிக் கடை வரிசையில் நின்றிருந்த சலவைக்காரி.

"பெரின், ஏழைப் பங்கு இருக்காடி? விடியறதுக்கு முன்னாடி வந்து நிக்கறேன். கண்ணை இருட்டுது."

"இந்தா, வந்து எடுத்து..." என்று கஸ்பார் தட்டை நீட்டினார்.

தார்த்யூ தடுத்தார். "ஏழையா? குடியரசுல ஏழைகள் கிடையாது. போன மாசமே தீர்மானம் போட்டு ஒழிச்சாச்சு."

"அப்படியா! எங்கிட்ட யாருமே சொல்லலியே," என்று சொல்லிவிட்டு, சலவைக்காரி மறுபடி வரிசைக்குப் போனாள்.

உரிமையாளர் இல்லாத துண்டு நாட்டுடைமை. நாட்டுடைமையைப் பாதுகாப்பது தலைவரின் கடமை. ஆகவே தார்த்யூ அதைத் தம் வாயில் பாதுகாக்கத் தொடங்கினார்.

"வேணாம், குடிமகனே! அது ஆறிப்போச்சு!" என்று பதறினார் கஸ்பார்.

"நாட்டுக்காக ஆறினதையும் திம்பேன்."

கடக்!

தார்த்யூ வாயிலிருந்து மொச்சைக்கொட்டையை எடுத்தார். சட்டையில் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெறும் மொச்சை. எனக்கு ஒரு கர்வமும் வரல. குறிச்சுக்கோ, அனிசே."

அனிசே குறித்துக்கொண்டார். தார்த்யூ குல்லாயைச் சரிசெய்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. மற்ற ஐந்து பேரும் எப்போது எழுந்து நின்றார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

"தொண்டை கொஞ்சம் வறளுது," என்றார்.

பெரின் ஒயின் ஊற்றினாள். தார்த்யூ இடது கையில் கோப்பையை உயர்த்தினார். வலது கையில் முத்திரை, பத்திரத்துக்கு ஓர் அங்குலம் மேலே. கோப்பை உதட்டுக்குப் போகவில்லை. முத்திரை காகிதத்துக்கு வரவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காத்திருந்தார்.

"குடிங்க... குடி, குடிமகனே," என்றார் கஸ்பார் ஈனக்குரலில்.

தார்த்யூ குடிக்கவில்லை. வெளியே நின்ற ரொட்டி வரிசையை ஓரக்கண்ணால் ஒரு தரம் பார்த்தார்.

"முதல்ல அந்தக் கதவைச் சாத்து, கஸ்பார். ம்... இப்ப எல்லாரும் சேர்ந்து கத்துங்க பாப்போம், மெதுவா!"