லைகாவைக் காப்பாற்றிய கமலநாதன்

"அங்கிள், அந்த நாய் எப்ப கீழ வந்துச்சு?"

கேட்டவன் விமலன். முதலாம் வகுப்பு. தரையில் சம்மணம் போட்டு, மடியில் முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு கேட்டான். பக்கத்தில் அவனுடைய அக்கா ஷாமினியும் எதிர்வீட்டு இர்ஃபானும் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளைப் பலகையில் 'விண்வெளி ஆய்வின் வரலாறு' என்று எழுதி, அதற்குக் கீழே தன் பெயரை அதைவிடப் பெரிதாக எழுதி வைத்திருந்த கமலநாதனுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. 1957இல் ரஷ்யர்கள் லைகா என்ற நாயை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார்கள் என்பதுவரை கம்பீரமாகச் சொல்லி முடித்திருந்தார். திரும்பக் கொண்டுவர அவர்கள் வழியே வைக்கவில்லை, நாய் மேலேயே செத்துப்போனது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் விமலனின் கீழுதடு அதற்குள் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அழுகிற பிள்ளையைச் சமாளிக்க அவருக்கு வராது. சொந்தப் பிள்ளைகள் அழுத காலத்தில் ஆபீஸில் இருந்தவர்.

"வந்துருச்சு லா. ஜம்முனு வந்து இறங்கிருச்சு" என்றார்.

கமலநாதன் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிள்ளான் கிளையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மலேசியாவின் சுபாங் ஜெயாவில் வீடு. தன் அறிவு சும்மா கிடப்பது உலகத்துக்குப் பெரிய நஷ்டம் என்று நம்பி, அதை ஊருக்கு விநியோகிக்கக் கிளம்பினார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ரசத்துக்குத் திருத்தம் சொன்னார். மெக்கானிக்குக்கு என்ஜினை விளக்கினார். கோயிலில் குருக்களை நிறுத்தி உச்சரிப்பைத் திருத்தினார். தெருவில் யார் கேட்டைத் திறந்தாலும் உள்ளே போய் யோசனை சொன்னார். பள்ளி விடுமுறை வந்ததும் இந்தக் காலத்து வாத்தியார்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று தீர்மானித்து, வீட்டிலேயே இலவச வகுப்பை அறிவித்தார்.

அறிவித்த மறுநாளே பிள்ளைகள் வந்ததில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. மனைவி உஷாராணி முறுக்குச் சுட்டு வைத்துவிட்டு, வகுப்பு தொடங்கியதும் சத்தமில்லாமல் வெளியே போய்விடுவாள். கல்விக்குக் காட்டும் மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"வந்து இறங்குன போட்டோ இருக்கா அங்கிள்?" என்றாள் ஷாமினி.

கமலநாதன் போனில் தேடினார். விண்வெளிக்குப் போய்த் திரும்பி வந்த ரஷ்ய நாய்களின் படம் நிஜமாகவே கிடைத்தது. வெற்றியோடு திருப்பிக் காட்டினார்.

"இதுல ரெண்டு நாய் இருக்கே?"

அவை வேறு நாய்கள், வேறு ராக்கெட், வேறு வருஷம். அதைச் சொன்னால் லைகா எங்கே என்று கேட்பார்கள்.

"இன்னொன்னு அதோட வீட்டுக்காரரு."

"அவரும் மேல போனாரா?"

"இல்ல லா. ஏர்போர்ட்ல கூட்டிட்டு வரப் போனாரு."

விமலன் நிம்மதியாக முறுக்கைக் கடித்தான். பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இர்ஃபானிடமும் போன் இருந்தது.

"அங்கிள், லைகா மேலயே செத்துருச்சுன்னு கூகிள்ல போட்டிருக்கு."

விமலன் கடிப்பதை நிறுத்தினான். உதடு மறுபடி நடுங்கியது.

"கூகிள் யாரு கம்பெனி?" என்றார் கமலநாதன், கிளை மேனேஜர் குரலில்.

"அமெரிக்கா."

"ஆங்! ரஷ்யாக்காரன் முதல்ல ஜெயிச்சுட்டான்னு அமெரிக்காக்காரனுக்குப் பொறாமை. அதான் நாய் செத்துப்போச்சுன்னு கதை கட்டிட்டான்."

தன் சமயோசிதத்தை அவரே ரசித்துக்கொண்டார். அந்த ரசனை நீடிக்கவில்லை.

"அமெரிக்காக்காரன் பொய் சொல்வானா அங்கிள்?" என்றாள் ஷாமினி.

"சொல்வான்."

"அப்ப நிலாவுக்குப் போனேன்னு சொன்னானே, அதுவும் பொய்யா?"

கமலநாதனுக்கு வியர்த்தது. பலகையில் அடுத்த தலைப்பே அதுதான். பத்து வயதில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் செய்தியைக் கேட்டவர் அவர். உண்மையைச் சொன்னால் நாய் சாகும், விமலன் அலறுவான், கமலநாதனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு என்று தெருவுக்கே தெரிந்துபோகும். அவர் நாயைப் பார்த்தார். நிலாவைப் பார்த்தார்.

நிலாவை விட்டுவிட்டார்.

"அதெல்லாம் ஸ்டூடியோவுல எடுத்தது" என்று முணுமுணுத்தார்.

"அப்ப நம்ம மலேசியா ஆளு மேல போனாரே, அதுவும் ஸ்டூடியோவா?" என்றான் இர்ஃபான்.

"டேய், அது உண்மைடா! ரஷ்யா ராக்கெட்ல போனாரு!"

"ரஷ்யா ராக்கெட்னா உண்மை, அமெரிக்கா ராக்கெட்னா பொய்" என்று இர்ஃபான் பாடத்தைச் சுருக்கிக் கொடுத்தான். மூவரும் தலையாட்டினார்கள். ஷாமினி எழுந்து போய், பலகையிலிருந்த நிலாப் பயணத்தைத் துப்புரவாக அழித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மதியம் ஷாமினியோடும் விமலனோடும் அவர்களுடைய அம்மா லோகேஸ்வரியும் கேட்டுக்கு வெளியே நின்றாள். லோகேஸ்வரி இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை.

"அண்ணே, கொஞ்சம் பேசணும். ஷாமினி நேத்து, ஸ்கூல்ல லீவுக்குக் குடுத்த ஆன்லைன் குவிஸ்ல, மனுஷன் நிலாவுக்குப் போகவே இல்லைன்னு எழுதியிருக்கா. கேட்டா, கமலநாதன் அங்கிள் சொன்னாருங்கிறா. சின்னவன், லைகாவோட பேரப்பிள்ளைங்களப் பாக்க மாஸ்கோ கூட்டிட்டுப் போன்னு அழுவுறான்."

ஐம்பது பேரை ஆட்டிவைத்த மேனேஜர், தன் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமா என்று யோசித்தார். இன்னொரு பொய் சொன்னால் சூரியனையும் இழக்க வேண்டி வரும் என்று தோன்றியது.

"தப்பு என் மேலதாம்மா" என்றார். அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை என்பதால் குரல் கொஞ்சம் பிசிறியது. "பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்ல. இன்னிக்கோட கிளாஸ நிறுத்திடுறேன்."

லோகேஸ்வரியின் முகம் வெளுத்தது.

"ஐயோ, நிறுத்திடாதீங்கண்ணே!"

"இல்லம்மா, நிலாவையே..."

"நிலா கிடக்குதுண்ணே! நான் வீட்ல திருத்திச் சொல்லிக்கிறேன். நீங்க என்ன வேணாலும் சொல்லிக் குடுங்க. கிளாஸ மட்டும் நிறுத்திடாதீங்க. இந்தத் தெருவுல எல்லாருமே அதத்தான் சொல்றாங்க. லீவு முடிஞ்சும் நடத்துனா இன்னும் நல்லதுங்கிறாங்க."

கமலநாதனின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. அறிவியல் ஆசிரியை ஒருத்தியே கெஞ்சுகிறாள். தவறு செய்தாலும் நீதான் வேண்டும் என்கிறது தெரு. ஒரு மனிதனின் அருமை இவ்வளவு சீக்கிரம் ஊருக்குப் புரியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. கண் லேசாகக் கலங்கியது. தகுதி பற்றிச் சற்றுமுன் சொன்னதை அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோமோ என்றுகூட நினைத்தார்.

"சரிம்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்று கொஞ்சம் பிகு செய்தார்.

அந்த யோசனை விமலனைத்தான் கலவரப்படுத்தியது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"ம்மா, உஷா ஆன்டி திரும்பி வர்ற வரைக்கும் அங்கிள வீட்ட விட்டு வெளிய விடாம பாத்துக்கிட்டா ஐஸ்கிரீம்னு ஆன்டி சொன்னாங்களே, இனி அது கிடையாதா?"